மை லாய் வயலில் இறங்கிய ஹெலிகாப்டர்

மத்திய வியட்நாமின் குவாங் ஙாய் நகரத்தில் த்ரா குக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால், சுமார் பன்னிரண்டு கிலோமீட்டரில் சோன் மி நினைவிடம் வந்துவிடுகிறது. வழி நெடுக வயல்கள். நான் போனது மார்ச் மாதம். நெல் கதிர் வாங்கியிருந்தது. வரப்போரம் எருமைகள், நடுவே மூங்கில் புதர்கள், தென்னை. டாக்ஸி ஓட்டியவர் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு டீக்கடை நிழலைக் கைகாட்டி, அங்கே காத்திருப்பதாகச் சைகை செய்தார்.

உலகம் மை லாய் என்று அறிந்திருக்கும் இடம் இதுதான். அமெரிக்க ராணுவ வரைபடத்தில் ‘மை லாய் 4’ என்று குறித்திருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இது துவான் யென். 1968 மார்ச் 16, சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு அமெரிக்க ராணுவத்தின் சார்லி கம்பெனி ஹெலிகாப்டர்களில் வந்து இந்த ஊரின் மேற்கே இறங்கியது. நண்பகலுக்குள் இங்கேயும் பக்கத்து மி கே குடியிருப்பிலுமாக 504 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அமெரிக்க விசாரணையின் கணக்கு 347. நினைவிடத்தின் கணக்குப்படி பெண்கள் 182 பேர், குழந்தைகள் 173 பேர், அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள் 60 பேர். 24 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இந்த ஊரின் துயரத்தைப் பற்றித் தமிழிலேயே நிறையப் படித்திருக்கிறேன். நான் பார்க்க வந்தது அந்தக் காலை நேரத்தின் வேறொரு பகுதியை. ஹியூ தாம்சன் என்ற இருபத்து நான்கு வயது அமெரிக்க ஹெலிகாப்டர் பைலட், தன் நாட்டுச் சிப்பாய்களுக்கும் வியட்நாம் கிராமத்தவருக்கும் நடுவே தன் சின்னஞ்சிறு ஹெலிகாப்டரைக் கொண்டுபோய் இறக்கினார். எங்கே இறக்கினார், எவ்வளவு தூரம் நடந்தார், அங்கிருந்து என்ன தெரியும் என்பதைக் காலால் அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

உள்ளே நுழைந்ததும் சிமெண்டுப் பாதை. ஈரமாக இருந்தபோதே அதில் கால்தடங்களைப் பதித்திருக்கிறார்கள். பெரியவர்களின் வெறுங்கால், குழந்தையின் வெறுங்கால், அவற்றின் மேல் ராணுவ பூட்ஸ், குறுக்கே சைக்கிள் டயரின் கோடு. எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் ஓரமாகவே நடந்தேன். பாதையின் இரு பக்கமும் எரிந்த வீடுகளின் அடித்தளங்கள் செங்கல் மட்டத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கல். வீட்டுக்காரர் பெயர், இறந்தவர்களின் பெயர், பக்கத்தில் வயது. மொழி எனக்குத் தெரியாது, எண்களைத்தான் வாசித்தேன். எழுபதைத் தாண்டிய எண்ணுக்கு நேர் கீழே ஒற்றை இலக்க எண். அடுத்த வீட்டிலும் அப்படியே.

எல்லாம் எவ்வளவு அருகருகே இருக்கிறது என்பதுதான் முதலில் உறைத்தது. புத்தகத்தில் படிக்கும்போது மை லாய் ஒரு பெரிய போர்க்களமாக மனதில் விரிந்திருந்தது. நேரில் இது ஒரு சிறிய குடியிருப்பு. ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறு மூலையில் கேட்கும். ஒரு வீட்டு வாசலில் நடப்பது மூன்றாவது வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அன்று யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை, குழப்பமான நேரம் என்று பிற்பாடு பலர் வாக்குமூலம் கொடுத்தார்கள். இந்தப் பாதையில் நின்றபின் அந்த வார்த்தைகளை என்னால் நம்ப முடியவில்லை.

முதல் நாள் கம்பெனிக்குச் சொல்லப்பட்ட செய்தி இது: ஊரில் வியட்காங்கின் 48ஆவது பட்டாலியன் இருக்கிறது, பொதுமக்கள் காலை ஏழு மணிக்குள் சந்தைக்குப் போய்விடுவார்கள், மிஞ்சி இருப்பவர்கள் எதிரிகள். கண்ணிவெடிகளில் தோழர்களை இழந்திருந்த கம்பெனி அது. இறங்கிய பிறகு அவர்களை நோக்கி ஒரு தோட்டாகூட வரவில்லை. நாள் முழுக்கத் தேடியதில் கைப்பற்றிய ஆயுதங்கள் மூன்று. கம்பெனியில் காயம்பட்டவர் ஒருவர். தன் பாதத்தில் தானே சுட்டுக்கொண்டவர்.

தாம்சன் ஓட்டியது ஓ.எச்.-23 ரேவன் என்ற உளவு ஹெலிகாப்டர். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் குமிழி, பிஸ்டன் எஞ்சின், மூன்று பேர் உட்காரும் இடம். தரையை ஒட்டித் தாழப் பறப்பதுதான் அதன் வேலை. ஒளிந்திருக்கும் எதிரி அதைப் பார்த்துச் சுட வேண்டும். சுட்டால் இருப்பிடம் தெரிந்துவிடும். பின்னால் வரும் இரண்டு பெரிய துப்பாக்கி ஹெலிகாப்டர்கள் அந்த இடத்தைத் தாக்கும். தூண்டில் புழுவின் பாடு. இந்த வேலையைத் தினமும் செய்தவரிடம் தோட்டாவுக்கு அஞ்சாத தன்மை முன்பே இருந்தது. அன்று தேவைப்பட்டது அது அல்ல என்பதுதான் விஷயம்.

அவருடன் இரண்டு இளைஞர்கள். லாரன்ஸ் கோல்பர்னுக்கு வயது பதினெட்டு. கிளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு இருபது.

அன்று காலை இந்த ஊருக்கு மேலே ஹெலிகாப்டர்களுக்குக் குறைவில்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஃபிராங்க் பார்க்கர் ஒன்றில் இருந்தார். 11ஆவது பிரிகேடின் தலைவர் கர்னல் ஓரன் ஹெண்டர்சன் இன்னொன்றில். டிவிஷனின் தலைவர் மேஜர் ஜெனரல் சாமுவேல் கோஸ்டரும் அந்தக் காலையில் இந்த வானத்தில் பறந்தார். அடுக்கடுக்காக, பதவிக்கேற்ற உயரத்தில். ஊர் எரிந்துகொண்டிருந்தது. சாலையில், வயலில், வாய்க்காலில் உடல்கள் கிடந்தன. அத்தனை ஹெலிகாப்டர்களில், கீழே நடப்பதை நிறுத்துவதற்காகத் தரையிறங்கியது ஒன்றுதான்.

அந்த வாய்க்கால் இப்போதும் இருக்கிறது. குடியிருப்பின் கிழக்குப் புறத்தில், தென்னைகளின் கீழே, கரைகட்டி வைத்திருக்கிறார்கள். நான் போனபோது அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் நின்றது. நம் ஊர்ப் பாசன வாய்க்கால் அளவுதான், இறங்கினால் ஏறிவிடலாம். இங்கே 170 பேர் கொல்லப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. லெப்டினன்ட் வில்லியம் காலியின் பிளாட்டூன் ஊர்மக்களைக் கூட்டமாக நடத்திக் கொண்டுவந்து, உள்ளே இறங்கச் சொல்லிச் சுட்டது. சுட மறுத்த சிப்பாய்களும் சிலர் இருந்தார்கள் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். மறுத்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். சுட்டவர்கள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தாம்சன் இந்த இடத்துக்கு வருவதற்கு முன் சில விஷயங்கள் நடந்துவிட்டன. காலையில் வயல்வெளியில் காயம்பட்டுக் கிடந்த ஊர்மக்களைப் பார்த்து, மருத்துவ உதவி வரட்டும் என்று பச்சைப் புகைக்குண்டு போட்டு அடையாளம் வைத்தார். எரிபொருள் நிரப்பிக்கொண்டு திரும்பிவந்து பார்த்தால், அடையாளம் வைத்த இடங்களில் இருந்தவர்களெல்லாம் இறந்துபோயிருந்தார்கள். வரப்போரம் காயத்துடன் கிடந்த ஒரு இளம்பெண்ணுக்கு அருகே தாழ்ந்து நின்று, ரேடியோவில் உதவி கேட்டார். ஒரு கேப்டன் நடந்துவந்தார். காலால் அவளைத் தள்ளிப் பார்த்தார். சில அடிகள் பின்னால் போய்ச் சுட்டார். அவர் கம்பெனித் தலைவர் எர்னஸ்ட் மெடினா. அவள் கையில் ஏதோ இருந்ததாக நினைத்தேன் என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார். ஹெலிகாப்டரிலிருந்த மூவரும் சில மீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்தார்கள்.

ஆக, உதவிக்காக வைத்த அடையாளமே சாவுக்கு வழிகாட்டிவிட்டது. அந்த எண்ணம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்து யோசித்தேன். நடப்பது இன்னதென்று தெரியாது என்று அவரால் இனிச் சொல்ல முடியாது. திரும்பிப் போய் முகாமில் புகார் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தாலும் அவர் மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் இந்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் இறங்கினார். உள்ளே சிலர் அசைந்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கு உதவ முடியாதா என்று அங்கிருந்த சார்ஜெண்டைக் கேட்டார். அவர்களுக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி துன்பத்திலிருந்து விடுவிப்பதுதான் என்ற பொருளில் பதில் வந்தது. ஏதோ கசப்பான பேச்சு என்று தாம்சன் எடுத்துக்கொண்டார். பிறகு காலி வந்தார். இங்கே பொறுப்பு என்னுடையது, நீ உன் வேலையைப் பார் என்ற தொனியில் பேசினார். காலி லெப்டினன்ட், தாம்சன் வாரண்ட் ஆபீசர், அவருக்குக் கீழ்ப்பட்டவர். தாம்சன் மறுபடி மேலே எழும்பினார். எழும்பிய நொடியில் கீழே துப்பாக்கிகள் மீண்டும் வெடித்தன. வாய்க்காலுக்குள் சுடுகிறார்கள் என்று ஆண்ட்ரியோட்டா கத்தினார்.

நான் வாய்க்காலிலிருந்து வடகிழக்காக, நினைவிடத்தின் எல்லையைத் தாண்டி வயல் பக்கம் நடந்தேன். வீடுகள் முடிந்து வெளி தொடங்குகிறது. அந்தப் பக்கம்தான் தாம்சன் மேலிருந்து ஒரு காட்சியைப் பார்த்தார். மண்ணால் ஆன பதுங்குகுழி ஒன்றை நோக்கி வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அமெரிக்கச் சிப்பாய்கள், இரண்டாவது பிளாட்டூன். இரண்டு கூட்டத்துக்கும் இடையே இருந்தது ஒரு வயல்வெளியின் அகலம். கணக்குப் பார்க்க அரை நிமிடம்கூட இருந்திருக்காது.

அந்த இடைவெளியில் இறங்கினார்.

வரப்பில் நின்று பார்க்கும்போது இது எவ்வளவு வெளிப்படையான இடம் என்று புரிகிறது. மறைவே கிடையாது. பறக்கும் உளவு ஹெலிகாப்டருக்கு வேகம்தான் கவசம். தரையில் நிற்கும் ஹெலிகாப்டருக்குக் கண்ணாடிக் குமிழி மட்டும்தான். தாம்சன் இருக்கையை விட்டு இறங்கினார். இறங்குவதற்கு முன் கோல்பர்னிடமும் ஆண்ட்ரியோட்டாவிடமும், இந்தச் சிப்பாய்கள் ஊர்மக்களையோ தன்னையோ சுட்டால் அவர்களைத் திருப்பிச் சுடும்படி சொன்னார். போர்க்களத்தில் ஒரு அமெரிக்கர் இன்னொரு அமெரிக்கரைச் சுடச் சொல்வது என்றால் என்னவென்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும். ராணுவ நீதிமன்றம் அதற்கு என்ன பெயர் வைக்கும் என்றும் தெரியும். இருவரும் சரி என்றார்கள். கோல்பர்ன் சிப்பாய்களைப் பார்த்தபடி நின்றார். துப்பாக்கி முனையைத் தரைப் பக்கம் தாழ்த்தியே வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். பதினெட்டு வயதுப் பையன், எதிரே தன் வயதுப் பையன்கள்.

தாம்சன் அந்தப் பிளாட்டூனின் தலைவர் லெப்டினன்ட் ஸ்டீபன் புரூக்ஸிடம் போனார். இவரும் பதவியில் மேலானவர். குழிக்குள் பொதுமக்கள் இருக்கிறார்கள், வெளியே கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கையெறிகுண்டு போட்டால் வந்துவிடுவார்கள் என்பதே பதில். உங்கள் ஆட்களை அப்படியே நிறுத்தி வையுங்கள், நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாம்சன் குழியை நோக்கி நடந்தார். முதுகு சிப்பாய்களின் பக்கம். குழிக்குள் யார், கையில் என்ன என்பது தெரியாது. அவருக்கு வியட்நாம் மொழி தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அதைவிட, அவர் போட்டிருந்த உடை காலையிலிருந்து அவர்கள் சொந்தக்காரர்களைச் சுட்டுக்கொண்டிருந்தவர்களின் உடை. கையை அசைத்து அசைத்துக் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். இரண்டு மூன்று பேர் இருப்பார்கள் என்று நினைத்த இடத்தில் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். அந்த மனிதர்கள் எதை நம்பி வெளியே வந்தார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தாம்சனின் துணிச்சலைப் பற்றி எழுதுபவர்கள் அவர்களுடைய துணிச்சலை எழுதுவதில்லை என்று மட்டும் தோன்றியது.

மூன்று பேர் உட்காரும் ஹெலிகாப்டரில் இவர்களை எப்படி ஏற்றுவது? தாம்சன் ரேடியோவில் துப்பாக்கி ஹெலிகாப்டர்களின் பைலட்டுகளைக் கூப்பிட்டார். துப்பாக்கி ஹெலிகாப்டரின் வேலை மேலிருந்து காவல் காப்பது. போர்ப் பகுதியில் அது ஆளேற்ற இறங்குவது வழக்கமே இல்லை. டேனி மிலியன்ஸ் என்ற பைலட் தன்னுடையதை இறக்கினார். இரண்டு நடையாக அத்தனை பேரையும் அப்பால் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுவரைக்கும் தாம்சன் அந்த மக்களோடு தரையில் நின்றுகொண்டிருந்தார். அவர் கூப்பிட்டதும் மிலியன்ஸ் வந்ததை வரலாற்றில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். விதியை மீற ஒருவர் துணிந்தால் இரண்டாமவருக்கு அது கொஞ்சம் எளிதாகிறது என்பதை நான் இங்கே பார்க்கிறேன்.

எரிபொருள் குறைந்துகொண்டிருந்தது. போகும் வழியில் மறுபடி வாய்க்காலின் மேல் பறந்தார்கள். ஏதோ அசைவதை ஆண்ட்ரியோட்டா பார்த்தார். தாம்சன் மூன்றாம் முறையாக இறங்கினார். ஆண்ட்ரியோட்டா வாய்க்காலுக்குள் இறங்கினார்.

அந்தக் கரையில் நின்றுவிட்டு வந்ததால் இதை எழுதும்போது கை தயங்குகிறது. உள்ளே காலூன்றத் தரை இல்லை. உடல்களின் மேல்தான் நடக்க வேண்டும். இன்னும் உயிர் இருந்த சிலர் அவர் காலைப் பிடித்தார்கள். எல்லோரையும் தூக்க முடியாது. அவர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். உடம்பெல்லாம் ரத்தமும் சேறும். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பெரிய காயம் இல்லை. கண்கள் திறந்திருந்தன, அழவில்லை. கோல்பர்ன் மடியில் கிடத்தி, குவாங் ஙாய் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கன்னியாஸ்திரிகளிடம் ஒப்படைத்தார்கள். தன் வீட்டிலும் அதே வயதில் ஒரு மகன் இருந்ததைத் தாம்சன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முகாமுக்குத் திரும்பியதும் அவர் தன் மேலதிகாரியிடம் கோபத்தோடும் அழுகையோடும் நடந்ததைச் சொன்னார். மற்ற பைலட்டுகளும் சொன்னார்கள். செய்தி பார்க்கருக்குப் போய், கொலையை நிறுத்தச் சொல்லி ரேடியோ உத்தரவு மெடினாவுக்கு வந்தது. அத்தனை நேரமும் வானில் பறந்த தலைவர்களால் நிற்காத துப்பாக்கிகள், ஒரு வாரண்ட் ஆபீசர் போட்ட கூச்சலில் நின்றன.

அருங்காட்சியகத்துக்குள் போக எனக்கு நேரம் பிடித்தது. வாசலுக்கு எதிரே பெரிய கற்சிலை: இறந்த குழந்தையை ஒரு கையில் தாங்கி, மறு கையை முஷ்டியாக உயர்த்தி நிற்கும் பெண். உள்ளே கருங்கல் சுவரில் 504 பெயர்கள். கண்ணாடிப் பெட்டிகளில் கிண்ணம், பானை, செருப்பு. சுவர்களில் ராணுவப் புகைப்படக்காரர் ரான் ஹேபர்லியின் படங்கள். ராணுவத்தின் கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்த அவர், தன் சொந்தக் கேமராவில் வண்ணப் படங்கள் எடுத்தார். ராணுவத்துக்குக் கொடுத்த படங்களில் கொலை இல்லை. கொலை இருந்தது வண்ணத்தில். 1969 நவம்பரில் சீமோர் ஹெர்ஷ் என்ற நிருபர் செய்தியை வெளியே கொண்டுவந்த சில நாட்களில் அந்தப் படங்கள் கிளீவ்லாந்து நாளிதழில் வெளியாகின. அதுவரை இருபது மாதம் உலகத்துக்கு மை லாய் ஒரு வெற்றிச் செய்தி: 128 எதிரிகள் கொல்லப்பட்டார்கள் என்பதே ராணுவ அறிக்கை.

அந்தப் படங்களைத் தாண்டிப் போனால் தாம்சன், கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா மூவரின் படங்கள். அமெரிக்க ராணுவம் செய்த கொடுமையை ஆவணப்படுத்துவதற்கென்றே வியட்நாம் அரசு எழுப்பிய ஒரு கட்டடத்தில், மூன்று அமெரிக்க ராணுவத்தினருக்கு மரியாதையான இடம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் ஆசிரியையோடு வந்திருந்தது. ஆசிரியை இந்த இடத்தில் நின்று கொஞ்சம் நீளமாகவே பேசினார். என்ன சொன்னார் என்று எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒரு பையன் கையை ஹெலிகாப்டர் விசிறி போலச் சுற்றிக் காட்டினான், ஆசிரியை தலையசைத்தார்.

தாம்சனுக்கு அவர் நாடு என்ன செய்தது என்பதை இந்தச் சுவர் முழுதாகச் சொல்லவில்லை. நான் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வயலில் காட்டிய துணிவு சில நிமிடங்களுக்கானது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேறொரு துணிவு தேவைப்பட்டது.

முதலில் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். 1968லேயே, சிறப்புப் பறத்தல் சிலுவை. கடும் துப்பாக்கிச் சண்டையின் நடுவே அகப்பட்ட குழந்தையைக் காப்பாற்றினார் என்று சான்றிதழில் எழுதியிருந்தது. சண்டையே நடக்கவில்லை, ஒரு பக்கம்தான் சுட்டது. கொலையைச் சண்டையாக மாற்றிக் காட்ட அவருடைய வீரத்தையே சாட்சியாக வைத்தார்கள். அவர் அந்தப் பதக்கத்தை எறிந்துவிட்டார். தொடர்ந்து பறந்தார்; பல முறை சுட்டு வீழ்த்தப்பட்டார்; கடைசி முறை முதுகெலும்பு முறிந்தது.

விசாரணை தொடங்கியபோது அவர் சாட்சி சொன்னார். 1969 ஜூனில் வரிசையில் நிறுத்தியவர்களில் காலியை அடையாளம் காட்டினார். நாடாளுமன்ற ராணுவக் குழுவின் தலைவர் மெண்டல் ரிவர்ஸ், இந்த விவகாரத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர் யாராவது இருந்தால் அது அமெரிக்கச் சிப்பாய்கள் மேல் துப்பாக்கியைத் திருப்பச் சொன்ன இந்தப் பைலட்தான் என்றார். கொலை மிரட்டல்கள் வந்தன. காலையில் வீட்டு வாசலில் செத்த மிருகங்கள் கிடந்தன. அவர் நடந்து உள்ளே போனால் சக அதிகாரிகள் எழுந்து வெளியே போனார்கள். 1971 மார்ச்சில் காலிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது நாடு முழுக்க அனுதாபம் காலியின் பக்கம் பெருகியது. மூன்றரை ஆண்டு அளவில், பெரும்பாலும் வீட்டுக் காவலில், அவருடைய தண்டனை முடிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் தண்டனை பெற்றவர் அவர் ஒருவரே. மெடினா விடுதலை. ஹெண்டர்சன் விடுதலை. கோஸ்டர் அதற்குள் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் தலைவர் ஆகியிருந்தார். அந்தப் பதவியிலிருந்து விலகி, ஒரு நட்சத்திரத்தை இழந்தார். பார்க்கர் 1968 ஜூனிலேயே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோயிருந்தார்.

ஆண்ட்ரியோட்டா இதில் எதையும் பார்க்கவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி ஏறிய மூன்றே வாரத்தில், 1968 ஏப்ரல் 8 அன்று சண்டையில் இறந்தார். உலகம் மை லாய் என்ற பெயரைக் கேள்விப்படுவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே.

வீரம் என்றதும் ராணுவ வரலாறு வழக்கமாகக் காட்டும் படம் வேறு. 1965 நவம்பரில் இதே நாட்டின் ஈயா டிராங் பள்ளத்தாக்கில் எட் ஃபிரீமன், புரூஸ் கிராண்டல் என்ற இரண்டு பைலட்டுகள், குண்டுமழைக்கு நடுவே ஆயுதமில்லாத ஹெலிகாப்டர்களைத் திரும்பத் திரும்ப இறக்கிக் காயம்பட்ட தங்கள் தோழர்களைத் தூக்கிவந்தார்கள். தாமதமாக, 2001லும் 2007லும், அவர்களுக்கு நாட்டின் உயரிய விருது கிடைத்தது. அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள். ஆனால் அவர்கள் திரும்பி வந்தபோது முகாமே அவர்களை எழுந்து நின்று வரவேற்றிருக்கும். தாம்சன் தூக்கிவந்தது தோழர்களை அல்ல. அவர் எதிர்த்து நின்றது சுடும் எதிரியை அல்ல, தான் நாளை மறுபடி உணவுக்கூடத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியவர்களை. இந்த இரண்டாம் வகைத் துணிவு பயிற்சியில் எளிதாக வருவதில்லை.

1989இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி எடுத்த ஓர் ஆவணப்படத்தைப் பார்த்த டேவிட் ஈகன் என்ற பேராசிரியர், தாம்சனுக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கடிதம் எழுதினார். ராணுவம் இசைந்த பிறகும், அதிகம் பேர் அறியாமல் கொடுத்து முடிக்கவே விரும்பியது. தாம்சன் ஒப்பவில்லை. மற்ற இருவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரின் முன்னால் எல்லோர் பார்வையிலும் கொடுக்க வேண்டும் என்றார். அந்தச் சுவரில் ஆண்ட்ரியோட்டாவின் பெயர் இருக்கிறது. 1998 மார்ச் 6 அன்று அப்படியே நடந்தது. கொடுத்தது ‘சோல்ஜர்ஸ் மெடல்’. எதிரியோடு மோதல் இல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கான பதக்கம் அது. முப்பது ஆண்டுக்கு முன் தந்த சான்றிதழில் இருந்த துப்பாக்கிச் சண்டை, இந்தப் பதக்கத்தின் விதியிலேயே இல்லாமல் போயிற்று. அன்று எதிரே எதிரி யாரும் இல்லை என்பதை அமெரிக்க ராணுவம் பதக்கத்தின் வகையாலேயே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு ராணுவக் கல்லூரிகள் தாம்சனைக் கூப்பிட்டன. இளம் அதிகாரிகள் முன்னால் நின்று அந்தக் காலையைப் பற்றிப் பேசினார். கோஸ்டர் தலைவராக இருந்த வெஸ்ட் பாயிண்டிலும் பேசினார். 2006 ஜனவரி 6 அன்று லூயிசியானாவில் புற்றுநோயில் இறந்தபோது வயது 62. கோல்பர்ன் பக்கத்தில் இருந்தார். கோல்பர்ன் 2016இல் மறைந்தார்.

பதக்கம் வாங்கிய பத்தாம் நாள், சம்பவத்தின் முப்பதாம் ஆண்டு நினைவு தினத்தில், தாம்சனும் கோல்பர்னும் இந்த ஊருக்கு வந்தார்கள். பதுங்குகுழியிலிருந்து வெளியே வந்த பெண்களை இங்கே சந்தித்தார்கள். நான் நடந்த இதே பாதைகளில் நடந்தார்கள். அப்போது தப்பிப் பிழைத்த ஒரு பெண் தாம்சனிடம் கேட்டாள்: எங்களைச் சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை? கோபத்தில் கேட்கிறாள் என்றே தாம்சன் எண்ணினார். அவள் தொடர்ந்து சொன்னாள்: வந்திருந்தால் அவர்களை மன்னித்திருப்போமே. தாம்சன் அதைப் பல மேடைகளில் திரும்பச் சொன்னார். அப்படி மன்னிக்கும் அளவுக்குத் தான் பெரிய மனிதனல்ல என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொன்னார்.